சிறுநீர்க் கசிவுப் பேட்: வரலாறும் தேர்வும்

சிறுநீர்க் கசிவுப் பேட் என்பது, அடக்க முடியாமல் கசியும் சிறுநீரை உறிஞ்சி, உடலும் உடையும் ஈரமாகாமல் காப்பதற்காகப் பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் பட்டை ஆகும். தோற்றத்தில் மாதவிடாய் நாப்கினைப் போல இருந்தாலும் இதன் உள்ளமைப்பும் வேலையும் வேறு. தமிழ்நாட்டுக் கடைகளில் நாப்கின் முதலில் வந்தது. கசிவுப் பேட் பல்லாண்டுகள் பிந்தி வந்தது. அதனால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் வீடுகளில் நிலைத்துவிட்டது. ஐம்பது வயதுத் தாய், மகளுக்காக வாங்கிய நாப்கினை எடுத்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதும், நடுவழியில் புடவை நனைவதும், பிறகு வெளியே போவதையே குறைத்துக்கொள்வதும் இந்த எண்ணத்தின் விளைவுகளே. இப்பொருள் எப்படி உருவானது, நம் பகுதிக்கு ஏன் தாமதமாக வந்தது, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை பேரணாம்பட்டு உள்ளிட்ட வேலூர் வட்டாரத்தை மனத்தில் கொண்டு விளக்குகிறது.

பெயர்களும் வகைகளும்

மருத்துவ நூல்கள் இந்நிலையைச் 'சிறுநீர் அடக்கவியலாமை' என்று குறிக்கின்றன. வீட்டுப் பேச்சில் இதற்குப் பெயர் கிடையாது. 'இருமினா வந்துடுது', 'பாத்ரூம் போறதுக்குள்ள ஆயிடுது' என்று நிகழ்ச்சியாகவே சொல்வார்கள். பெயர் இல்லாததால் இது ஒரு நோய் என்ற எண்ணமும் எழுவதில்லை. வயதானால் வருவது என்று விட்டுவிடுகிறார்கள்.

1971இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சிறுநீர் அடக்கவியல் கழகம், தன் விருப்பமின்றி வெளியேறும் எந்தச் சிறுநீர்க் கசிவும் இதில் அடங்கும் என்று வரையறுத்துள்ளது. அளவு சொட்டாக இருந்தாலும் கணக்கில் சேரும். இதில் முக்கிய வகைகள் நான்கு. இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல் போன்றவற்றால் வயிற்றில் அழுத்தம் கூடும்போது கசிவது முதல் வகை. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறையை அடைவதற்குள் கசிவது இரண்டாம் வகை. இரண்டும் கலந்து இருப்பது மூன்றாம் வகை. சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் நிரம்பி வழிவது நான்காம் வகை. முதல் வகையில் கசியும் அளவு பெரும்பாலும் குறைவு. இரண்டாம் வகையில் ஒரே நேரத்தில் நிறைய வரலாம். எந்தப் பேட் வேண்டும் என்பது இங்கிருந்தே பிரிகிறது.

கடைகளில் 'பேட்', 'நாப்கின்', 'டயப்பர்' என்ற சொற்களே வழக்கில் உள்ளன. 'அணையாடை' என்பது எழுத்து வழக்கில் காணப்படும் சொல்.

பேரணாம்பட்டுச் சூழல்

பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலேயே தங்கியது. தொழிலைப் பொறுத்தவரை இவ்வூர்கள் இன்றும் ஒரே தோல் வட்டாரம்தான். தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ஆண்களே அதிகம் இருந்த நிலை மாறி, காலணித் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு மேல்பாகம் தைத்தல், பசை தடவுதல், சரிபார்த்தல் ஆகிய வேலைகளில் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். வீட்டில் இருப்பவர்களில் பலர் பீடி சுற்றுகிறார்கள். இரண்டும் நீண்ட நேரம் ஒரே இடத்தில் இருந்து செய்யும் வேலைகள்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குடிநீருக்கு 18ஆம் பிரிவையும், கழிப்பறைக்கு 19ஆம் பிரிவையும், நின்று வேலை செய்வோர் அமர்வதற்கான வசதிக்கு 44ஆம் பிரிவையும் வைத்திருந்தது. 55ஆம் பிரிவின்படி, அரை மணி நேர இடைவேளையாவது தராமல் ஒருவரைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இருந்தது. அதாவது ஐந்து மணி நேரம் வரை இடைவேளை இல்லாமல் போகக்கூடிய நிலை இருந்தது. இடையில் எழுந்து போகலாம் என்றாலும், வரிசையாக நகரும் வேலையில் ஒருவர் அடிக்கடி எழுந்தால் அடுத்தவர் கை நிற்கும். ஆகவே கசிவுள்ள பெண் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்துகிறது. அவசர உணர்வு கூடுகிறது. தொற்றுக்கும் வழி ஏற்படுகிறது. அடக்கப் பார்த்த தொல்லை இப்படி அதிகமாகிறது.

இவ்வூரில் இசுலாமியக் குடும்பங்கள் கணிசமாக உள்ளன. சிறுநீர் கசிந்தால் ஒளு முறிந்துவிடும் என்பதால், தொழுகையே கூடாது என்று மனம் நொந்து ஒதுங்கும் மூதாட்டியர் உண்டு. ஆனால் நிற்காத கசிவு உள்ளவர்களுக்கு ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு சட்டப் பள்ளிகளும் சலுகை வழங்கியுள்ளன. பஞ்சோ துணியோ வைத்துக் கட்டிக்கொண்டு, தொழுகை வேளை வந்ததும் புதிதாக ஒளு செய்து தொழலாம் என்ற விதி பழைய நூல்களிலேயே இருக்கிறது. தம் நிலைக்குப் பொருந்தும் விவரத்தை ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இது புதிய நோய் அன்று என்பதற்கும் அவ்விதியே சான்று.

பழந்துணிக் காலம்

கடைப் பேட் வருவதற்கு முன் எல்லா வீடுகளிலும் இருந்த உறிஞ்சுபொருள் பழைய பருத்திப் புடவை. பலமுறை துவைத்த புடவையில் கஞ்சியும் பருத்தியின் மெழுகும் நீங்கி, நூல் மென்மையாகி, ஈரத்தை எளிதில் இழுக்கும். மாதவிடாய்க்கும், பிள்ளை பெற்ற வீட்டுக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் இதே துணிதான். மடித்து, இடுப்புக் கயிற்றில் முன்னும் பின்னும் செருகிக் கட்டுவார்கள். முதியவருக்குப் பாயின்மேல் நான்கு மடிப்பாக விரிப்பார்கள்.

துணிக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ஈரத்தை இழைகளின் இடுக்கில் தேக்கி வைக்குமே தவிரப் பூட்டி வைக்காது. உட்கார்ந்தால் அழுத்தத்தில் ஈரம் திரும்பவும் தோலுக்கு வந்துவிடும். இரண்டாவது, துவைத்ததை வெயிலில் காயப்போடக் கூச்சப்பட்டு, வேறு துணிக்கு அடியில் மறைத்து நிழலில் உலர்த்துவது. அரைகுறையாகக் காய்ந்த துணி பூஞ்சைக்கும் தோல் அரிப்புக்கும் இடமாகிறது. இந்த இரண்டாம் குறை துணியுடையது அன்று, கூச்சத்தினுடையது.

மருத்துவமனைகளில் துணிக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டார்கள். 1823இல் சார்லஸ் மேக்கிண்டாஷ் காப்புரிமை பெற்ற, ரப்பர் பூசிய நீர்புகாத் துணியின் பெயர், இன்றும் செவிலியர் பேச்சில் 'மேக்கிண்டாஷ்' என்று அந்த விரிப்புக்கு வழங்குகிறது. மேலே உறிஞ்சும் அடுக்கு, கீழே நீர் புகா அடுக்கு என்ற இன்றைய பேட்டின் அடிப்படை அந்தக் கட்டிலிலேயே தோன்றிவிட்டது.

பஞ்சிலிருந்து மரக்கூழுக்கு

செடியிலிருந்து பறித்த பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன் இழையைச் சுற்றியுள்ள மெழுகு நீரை விலக்குகிறது. காரத்தில் வேகவைத்து வெளுத்து மெழுகை நீக்கிய பிறகே அது மருத்துவப் பஞ்சாகிறது. இம்முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. 1880இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் சாம்ப்சன் கேம்ஜி, இத்தகைய பஞ்சைக் காஸ் துணிக்கு நடுவில் வைத்துத் தைத்த பட்டையை அறிமுகப்படுத்தினார். காயத்துக்காகச் செய்யப்பட்ட 'கேம்ஜி பேட்' பின்னர் பிரசவ அறைகளிலும் பயன்பட்டது.

முதல் உலகப் போரில் காயக்கட்டுகளுக்குப் பஞ்சு போதவில்லை. அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து 'செல்லுகாட்டன்' என்ற பொருளைச் செய்தது. அது பஞ்சைவிட அதிகம் உறிஞ்சியது, விலையும் குறைவு. போர்முனைச் செவிலியர்கள் அதை மாதவிடாய்க்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். போர் முடிந்ததும் மீந்த சரக்குக்குச் சந்தை தேடிய நிறுவனம், 1920இல் 'கோட்டெக்ஸ்' என்ற நாப்கினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காயக்கட்டு இவ்வாறு மாதவிடாய்ப் பேட் ஆனது. சிறுநீரைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

நீர்புகாத் தாளும் கூழாகும் தூளும்

சிறுநீருக்கான பொருள் குழந்தையிலிருந்து தொடங்கியது. அமெரிக்கத் தாயான மரியன் டோனவன் குளியலறைத் திரைச்சீலையை வெட்டிக் குழந்தையின் துணிக்கு மேல்உறை தைத்தார்; 1951இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1961இல் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் 'பேம்பர்ஸ்' வந்தது.

பெரியவர்களுக்கான முயற்சிகளில் 1970களில் பிரிட்டன் மருத்துவர் வில்லிங்டன் செய்தது குறிப்பிடத்தக்கது. கங்காருவின் பையைப் போல உள்ளாடையின் வெளிப்புறத்தில் ஒரு பை வைத்து, அதற்குள் பேட்டைச் செருகும்படி அமைத்தார். உடலோடு ஒட்டும் துணி நீரைத் தன்னிடம் தேக்காமல் பையிலுள்ள பேட்டுக்குக் கடத்தியது. தோல் உலர்ந்தே இருந்தது. நோயாளியின் தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதை முதன்மையாக வைத்து எழுந்த வடிவம் இது. இன்றைய பேட்டுகளின் மேல்தாள் செய்வதும் இதே வேலைதான்.

பெரிய மாற்றம் வேதியியலிலிருந்து வந்தது. நீரை இழுத்துக் கூழாக மாறும் பாலிமர்கள் 1960களில் உருவாயின. டௌ நிறுவனத்தின் ஹார்ப்பரும், ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் ஹார்மனும் அவற்றை டயப்பரில் பயன்படுத்தத் தனித்தனியே 1966இல் காப்புரிமை கோரினர். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் ஒன்று, மண்ணில் ஈரம் காக்கும் நோக்கில் மாவுச்சத்திலிருந்து இத்தகைய பொருளைச் செய்தது. 1970களின் இறுதியில் ஜப்பானில் நாப்கின்களிலும், 1980களில் டயப்பர்களிலும் இப்பொருள் பெருமளவில் இடம்பெற்றது. இன்று பெரும்பாலும் பயன்படுவது சோடியம் பாலிஅக்ரிலேட். உப்புத்தூள் போல இருக்கும். தூய நீரில் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு இழுக்கும். உப்புக் கலந்த சிறுநீரில் சில பத்து மடங்குதான் இழுக்கும். ஆனால் இழுத்ததை, அழுத்தினாலும் எளிதில் விடாது. துணியின் முதல் குறையை இத்தூள் தீர்த்தது.

1984இல் கிம்பர்லி-கிளார்க் 'டிபெண்ட்' என்ற பெயரில் பெரியவர்களுக்கான பொருளை அமெரிக்காவெங்கும் கொண்டுவந்தபோது, திரைப்பட நடிகை ஜூன் ஆலிசன் தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றி அதைப் பற்றிப் பேசினார். அறிமுகமான முகம் ஒன்று வெளிப்படையாகப் பேசியதால் அங்கே பேச்சு தொடங்கியது.

தமிழ்நாட்டில் நாப்கின் வந்த வழி

தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு பேச்சு தொடங்கியது. ஆனால் அது மாதவிடாயைப் பற்றியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் 1998இல் திருமணமான பிறகு, மனைவி பழந்துணியை மறைத்துப் பயன்படுத்துவதைக் கண்டு மலிவான நாப்கின் செய்ய முயன்றார். முதலில் பஞ்சைக் கொண்டு செய்தவை தோற்றன. பெருநிறுவனங்களின் பேட்டில் இருப்பது பஞ்சு அன்று, ஊசியிலை மரங்களின் கூழ் என்பதை அறிய அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. கால்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி, தன் உடலிலேயே கட்டிக்கொண்டு சோதித்தார். பிறகு கூழைப் பிரித்தல், அழுத்தி வடிவாக்கல், உறையிட்டு ஒட்டல், புற ஊதாக் கதிரால் தூய்மையாக்கல் என்று சிறு இயந்திரங்களாகப் பிரித்து, மகளிர் குழுக்கள் நடத்தக்கூடிய அளவுக்கு விலையைக் குறைத்தார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தமிழக அரசு 2011இல் அறிவித்த 'புது யுகம்' திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கும், அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், சிறையிலுள்ள பெண்களுக்கும் இலவச நாப்கின் தந்தது. ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய 'ஈகோ ஃபெம்' துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேட்டை மீண்டும் மதிப்புக்குரியதாக்கியது. எல்லாம் போற்றத்தக்க முயற்சிகள். ஆனால் இவற்றின் கவனம் மாதவிடாயிலும் பேறுகாலத்திலும் இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பேட் எதற்கு என்ற கேள்வி எழவே இல்லை. மூன்று நான்கு பிள்ளை பெற்று, ஐம்பதைக் கடந்து, இருமினால் நனையும் பெண் இந்தக் கணக்கில் வரவில்லை.

சட்டமும் வரியும் இதே இடைவெளியைக் காட்டுகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பு நாப்கினுக்கான ஐ.எஸ். 5405 என்ற தரத்தை முதலில் 1969இல் வெளியிட்டது. 1980இலும் 2019இலும் திருத்தியது. பெரியவர்களின் கசிவுக்கான டயப்பருக்கு ஐ.எஸ். 17508 என்ற தரம் 2020இல்தான் வந்தது. இடையில் 51 ஆண்டுகள். சரக்கு சேவை வரியில் நாப்கினுக்கு இருந்த 12 விழுக்காடு 2018 ஜூலையில் முற்றிலும் நீக்கப்பட்டது. மருத்துவ டயப்பருக்கான 12 விழுக்காடு அப்படியே தொடர்ந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது.

இரத்தத்துக்கான பேட் சிறுநீருக்கு ஏன் போதாது

மாதவிடாயில் நான்கைந்து நாள்களில் வெளியேறும் இரத்தம் பொதுவாக 30 முதல் 80 மில்லிலிட்டர். அது கெட்டியானது; மெல்ல வருகிறது. சிறுநீர்ப்பையின் கொள்ளளவோ 300 முதல் 500 மில்லிலிட்டர். அவசரக் கசிவில் ஒரு டம்ளரில் பாதி அளவு சில நொடிகளில் வெளியேறக்கூடும். நீர்த்த திரவம் வேகமாக வரும்போது நாப்கினின் மேல்தாள் அதை உடனே உள்ளே விடுவதில்லை. ஒரு பகுதி பக்கவாட்டில் வழிந்துவிடுகிறது. உள்ளே சென்றதும் உட்காரும்போது மேலே வருகிறது.

நாற்றமும் தோல் புண்ணும் அடுத்த வேறுபாடு. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அது தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் கெடுக்கிறது. ஈரத்தில் ஊறிய தோல் உராய்வில் எளிதில் உரியும். கசிவுப் பேட்டில் நீரை விரைந்து வாங்கும் அடுக்கு, மரக்கூழோடு கலந்த மிகுதியான பாலிமர், பக்கச் சுவர் போன்ற மடிப்பு ஆகியவை இதற்காகவே சேர்க்கப்படுகின்றன.

தோல் வட்டாரத்து மக்களுக்குக் கீழ்த்தாளைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. தோல் செருப்பில் கால் மூச்சுவிடும். ரெக்சின் செருப்பில் புழுங்கும். பேட்டின் கீழ்த்தாளிலும் இவ்விரு வகை உண்டு. நீரை விடாமல் நீராவியை மட்டும் வெளியே விடும் நுண்துளைத் தாள், தொட்டால் துணி போல இருக்கும். வெறும் பிளாஸ்டிக் தாள் சலசலக்கும். வேலூர்க் கோடையில் புழுங்கும்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. முதலில் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலர்ந்த பேட்டைச் சமையலறைத் தராசில் எடைபோட்டு, பயன்படுத்திய பின் உறையில் மூடி மீண்டும் எடைபோட்டால், கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். ஒரு முழு நாளில் மாற்றிய எல்லாப் பேட்டுகளுக்கும் இவ்வாறு குறித்து வைத்தால், மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

2. பொதியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். 'சானிட்டரி நாப்கின்', 'பீரியட்' என்ற சொற்கள் இருந்தால் அது மாதவிடாய்க்கு உரியது. 'இன்கான்டினன்ஸ்', 'பிளாடர்' என்ற சொற்கள் கசிவுப் பேட்டைக் குறிக்கும். படிக்க இயலாதவர் மருந்துக்கடையில் 'யூரின் லீக் பேட்' என்று கேட்கலாம்.

3. அளவுக்கு ஏற்ற வகையைத் தேர வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் மெல்லிய பட்டை போதும். அவசரக் கசிவுக்கு நீளமான, நடுப்பகுதி தடித்த பேட் தேவை. இரவுக்கும் நெடும் பேருந்துப் பயணத்துக்கும் உள்ளாடை போல அணியும் டயப்பர் பொருந்தும். அதை இடுப்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து வாங்க வேண்டும். பெரிதாக இருந்தால் தொடை ஓரத்தில் வழியும். பகல் முழுவதும் டயப்பர் கட்ட வேண்டிய தேவை பலருக்கு இல்லை.

4. பொதியில் உள்ள மில்லிலிட்டர் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. 1996இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 11948-1 என்ற சோதனைமுறையில் பேட்டைத் திரவத்தில் முழுவதும் மூழ்கவைத்து, வடியவிட்டு எடைபோடுகிறார்கள். உடலில் அணியும்போது பேட் முழுவதும் நனைவதில்லை. அதற்கு முன்பே ஓரத்தில் வழியத் தொடங்கும். எனவே உண்மைப் பயன் அந்த எண்ணைவிடக் குறைவு.

5. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அதிலிருந்து 50 மில்லிலிட்டரை அளந்து பேட்டின் நடுவில் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். எவ்வளவு விரைவில் உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தினால், துணி எவ்வளவு நனைகிறதோ அவ்வளவு ஈரம் தோலுக்குத் திரும்பும் என்று பொருள். உப்பில்லாத நீரில் சோதித்தால் மட்டமான பேட்டும் நல்லதாகத் தோன்றும்.

6. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பேட் வைப்பதால் பயனில்லை. மேலுள்ளதன் கீழ்த்தாள் நீரைத் தடுப்பதால் கீழுள்ளது உலர்ந்தே கிடக்கும். தடிப்பும் செலவும்தான் கூடும்.

7. விலையை ஒரு பேட்டுக்கு என்று பாராமல் ஒரு நாளுக்கு என்று பார்க்க வேண்டும். மலிவானதை ஆறு முறை மாற்றுவதைவிட, சரியானதை மூன்று முறை மாற்றுவது சிக்கனமாகலாம். வீட்டிலிருக்கும் நேரத்துக்குத் துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேட்டும், வெளியே செல்லும் நேரத்துக்குக் கடைப் பேட்டும் என்று பிரித்துக்கொள்வது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும். துணிப் பேட்டை வெயிலிலேயே காயவைக்க வேண்டும்.

மாற்றும்போது அவ்விடத்தை நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். எண்ணெயோ களிம்போ தடித்துப் பூசினால் மேல்தாளில் படிந்து உறிஞ்சுவதைத் தடுக்கும். தேவையானால் மெல்லியதாகப் பூசலாம். வேலைக்குச் செல்வோர் உணவு இடைவேளையில் ஒரு முறை மாற்றும்படி கூடுதல் பேட் ஒன்றையும் மூடக்கூடிய உறை ஒன்றையும் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

கழிவு

கூழாகிய பாலிமரும் பிளாஸ்டிக் தாளும் எளிதில் மக்குவதில்லை. கழிவறையில் போட்டால் குழாய் அடைக்கும். வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தால் நச்சுப் புகை வரும். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், இத்தகைய கழிவைத் தனியே உறையிலோ காகிதத்திலோ சுற்றித் தர வேண்டும் என்று கூறின. அதற்கான உறையைத் தருவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்றும் குறிப்பிட்டன. அதைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தோல் கழிவு பாலாற்றுப் பகுதியின் நிலத்தையும் நீரையும் கெடுத்ததும், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இவ்வட்டாரத்தார் அறிந்தவை. கழிவு கண்ணில் படாமல் போவதாலேயே இல்லாமல் போய்விடாது என்பது இங்கே அனுபவப் பாடம்.

பேட் மருந்து அன்று

நல்ல பேட் வெளியே போய்வரத் துணை செய்யும், கசிவைக் குணப்படுத்தாது. குணப்படுத்தும் வழிகள் பேட்டின் வரலாற்றோடு கூடவே வளர்ந்துள்ளன. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல், பிள்ளைப்பேற்றால் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று எழுதினார். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போன்ற உணர்வோடு அத்தசைகளை இறுக்கிச் சில நொடிகள் வைத்துத் தளர்த்துவதே பயிற்சி. தசையை அடையாளம் கண்ட பிறகு, சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக் கூடாது; மற்ற நேரங்களில் நாள்தோறும் செய்ய வேண்டும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். தையல் இயந்திரத்தின் முன்னோ பீடி முறத்தின் முன்னோ உட்கார்ந்தபடியே, எவரும் அறியாமல் செய்யலாம்.

இதைச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் நம் பகுதிக்குத் தொலைவில் இல்லை. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் மருத்துவரானதற்கான காரணம் பலரும் அறிந்ததே. ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தும், ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்ததால் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் வேலூரில் மருத்துவமனை தொடங்கியதோடு, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தினார். அதுவே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. நூறாண்டுக்கு முன்பே பெண் மருத்துவர்கள் உருவான வட்டாரத்தில், இன்றும் கூச்சத்தால் இதைச் சொல்லாமல் இருக்கும் பெண்கள் உள்ளனர். அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவிலும் இதைக் கேட்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவம் சேர்க்கப்பட்டிருப்பதால், அப்பணியாளரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

சில அறிகுறிகள் தெரிந்தால், எந்தப் பேட் என்று யோசிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறுநீரில் இரத்தம், எரிச்சல், காய்ச்சல், திடீரென்று தொடங்கிய கசிவு, கால் மரத்துப்போதல், கருப்பை கீழிறங்கிய உணர்வு ஆகியவை அவற்றுள் சில. கடினமான பிரசவத்துக்கோ கருப்பை நீக்க அறுவைக்கோ பின்பு இரவும் பகலும் ஓயாமல் கசிந்தால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். அதைப் பெரும்பாலும் அறுவையால் மூடிவிட முடியும். ஆயுள் முழுவதும் பேட் கட்டத் தேவையில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் வருவது சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது இவை எதற்கும் தீர்வு ஆகாது.